எங்கும் இருக்கும் கிருமி எப்படி நோயாகும் என்று கேட்பவர்களுக்கு

"இது டிபி கிருமி இல்லை. வேறு ஏதோ மைக்கோபாக்டீரியா. தண்ணீரிலும் மண்ணிலும் எங்கும் இருப்பதுதான். உங்களுக்குச் சர்க்கரை இல்லை, எச்ஐவி இல்லை, சிகரெட் பழக்கமும் இல்லை. பயப்படாதீர்கள்." மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இப்படிச் சொல்லி அனுப்பிவைப்பது நம் மருத்துவ உலகில் சாதாரணமாகிவிட்டது. ஆறுதல்போல ஒலிக்கும் இந்தப் பேச்சின் அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது. காசநோய்க் கிருமியின் சொந்தக்காரர்களான இந்த மைக்கோபாக்டீரியாக்கள் ஏற்கெனவே பழுதுபட்ட நுரையீரலையோ எதிர்ப்பாற்றல் குன்றிய உடம்பையோ மட்டும்தான் பிடிக்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவரின் சளியில் அவை தென்பட்டால் அது வழியில் ஒட்டிக்கொண்ட அழுக்கு, அவ்வளவுதான் என்பது அந்தக் கோட்பாடு.

அது தவறு. தவறு என்று ஆதாரத்தோடு எழுதப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அது உயிரோடு இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் சில நியாயமானவையும்கூட. ஆனால் அந்த நியாயம் எதுவும் கோட்பாட்டை உண்மையாக்கிவிடாது.

மைக்கோபாக்டீரியாக்களில் இன்று 190க்கும் மேற்பட்ட இனங்கள் தெரியவந்திருக்கின்றன. காசநோயையும் தொழுநோயையும் உண்டாக்குபவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுபவை எல்லாம் காசநோய் சாராத மைக்கோபாக்டீரியாக்கள்; ஆய்வகங்களில் என்டிஎம் என்பார்கள். நுரையீரலில் அதிகம் காணப்படுவது மைக்கோபாக்டீரியம் ஏவியமும் அதன் நெருங்கிய இனங்களும் சேர்ந்த மேக் என்ற கூட்டம். அடுத்து மருந்துக்கு எளிதில் மசியாத அப்செசஸ். அப்புறம் 1953இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டி நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட மஞ்சள் நிறக் கிருமியான கேன்சசை. 1959இல் எர்னெஸ்ட் ரன்யன் இவற்றை நிறத்தையும் வளரும் வேகத்தையும் வைத்து நான்கு பிரிவாக்கினார். அந்தக் காலத்தில் இவற்றுக்கு 'வழக்கத்துக்கு மாறான' கிருமிகள் என்றே பெயர். காசநோய்தான் வழக்கம், மற்றதெல்லாம் விலக்கு என்ற பார்வை அங்கேயே தொடங்கிவிட்டது.

முதலில் விவரிக்கப்பட்ட நோயாளிகளும் அந்தப் பார்வைக்குத் தோதாக அமைந்தார்கள். சுரங்கத் தொழிலாளிகள், பல வருடம் புகைபிடித்த ஆண்கள், பழைய காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்கள். பிறகு 1980களில் எய்ட்ஸ் வந்தது. எதிர்ப்பணுக்கள் அடியோடு வற்றிப்போன உடம்பில் மேக் கிருமி ரத்தம்வரை பரவுவதை உலகம் பார்த்தது. பலவீனருக்குத்தான் இது வரும் என்ற முடிவு அத்தோடு கல்வெட்டாகிவிட்டது.

அதே பத்தாண்டு முடிவதற்குள், 1989இல், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஃபிலடெல்ஃபியா மருத்துவர்களின் கட்டுரை ஒன்று வெளியானது. மேக் தொற்று இருந்த 119 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 21 பேருக்கு முன்காரணம் என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை. பழைய நுரையீரல் நோய் இல்லை, எதிர்ப்பாற்றல் குறைபாடு இல்லை. சராசரி வயது 66. 17 பேர் பெண்கள். நோய் என்னவென்று தெரிவதற்கு முன் சராசரியாக 25 வாரங்கள் இருமியிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் குழிகளுக்குப் பதில் சிறு சிறு கணுக்கள், மெதுவாகக் கூடிக்கொண்டே போகிறவை. நான்கு பேர் அந்த நுரையீரல் நோய் முற்றியே இறந்தார்கள். வழியில் ஒட்டிக்கொண்ட அழுக்கு ஐந்தில் ஒருவரைக் கொல்லுமா?

நான்கு ஆண்டுகள் கழித்து டெக்சாஸ் மருத்துவர்கள் வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியாக்களால் நுரையீரல் பாதிக்கப்பட்ட 154 பேரைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் அப்செசஸ் கிருமி. அங்கும் பெண்களும் புகைபிடிக்காதவர்களுமே பெரும்பான்மை. இரு வேறு ஊர்கள், இரு வேறு கிருமிகள், ஒரே மாதிரியான நோயாளிகள்.

இத்தனைக்கும் பிறகு கோட்பாட்டின் காவலர்கள் என்ன செய்தார்கள்? ஆரோக்கியம் என்பதன் எல்லையைச் சுருக்கிக்கொண்டார்கள். ஆரோக்கியமானவர் என்று நினைத்தோம், நன்றாகத் தோண்டிப் பார்த்தால் ஏதாவது குறை இருக்கும் என்றார்கள். தோண்டினால் சில சமயம் கிடைக்கவும் செய்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2008இல் 63 நோயாளிகளைத் தலைமுதல் கால்வரை பரிசோதித்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். சராசரியைவிட உயரம், மெலிந்த தேகம், பாதிப் பேருக்கு முதுகெலும்பு வளைவு, சிலருக்கு உட்குழிந்த மார்பு. 36 சதவீதம் பேரிடம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயோடு தொடர்புள்ள மரபணுவில் மாற்றம். ஆனால் எதிர்ப்பாற்றலைச் சோதித்தபோது குறிப்பிட்டுச் சொல்லும்படியான பழுது ஒன்றும் அகப்படவில்லை.

மிக நல்ல ஆய்வு அது. எனக்கு ஆட்சேபம் அதை வைத்து எடுக்கப்படும் முடிவில்தான். உயரமாகவும் ஒல்லியாகவும் இருப்பதும், ஒரு மரபணுவின் ஒரு பிரதி மாறியிருப்பதும் நோயா? அந்தப் பெண்கள் அறுபது வயதுவரை வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, படியேறி இறங்கி வாழ்ந்தவர்கள். இருமல் தொடங்கியதற்கு முந்தின நாள் எந்த மருத்துவர் பார்த்திருந்தாலும் நல்ல ஆரோக்கியம் என்றே எழுதிக் கொடுத்திருப்பார். நோய் வந்த பிறகு ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்து, பார்த்தீர்களா, அவர் ஆரோக்கியமானவரே இல்லை என்பது நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதுதான். எந்த ஆதாரம் வந்தாலும் தோற்காத கோட்பாடு, நோயாளிக்கு எந்த விதத்திலும் உதவாத கோட்பாடும்கூட.

காசநோய்க்கு நாம் இப்படியா பேசுகிறோம்? உலக மக்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்குக் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்கள் தப்பிக்க, இந்தச் சிலர் ஏன் விழுகிறார்கள் என்பதற்கும் சத்துக்குறைவு, சர்க்கரை, மரபு என்று காரணங்கள் தேடுகிறோம். ஆனாலும் காசநோய் நல்ல உடம்புக்காரருக்கு வராது என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. சளியில் கிருமி தெரிந்ததும் உன்னிடம் என்ன குறை என்று விசாரிப்பதில்லை, மருந்து தருகிறோம். என்டிஎம் தொற்றி நோயாவது இதைவிட மிகமிக அபூர்வம் என்பது உண்மை. அபூர்வமாக நடப்பது நடப்பதே இல்லை என்றாகுமா?

இந்த நோயாளிகளை நடத்திய விதத்தில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. 1992இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வயது முதிர்ந்த ஆறு பெண்களைப் பற்றி எழுதினார்கள். வலது நுரையீரலின் நடுமடலிலும் இடது நுரையீரலில் அதற்கு இணையான பகுதியிலும் மேக் நோய். அந்த இடங்களின் மூச்சுக்குழல்கள் நீண்டு ஒடுங்கியவை. சளி எளிதில் வடியாது. அதுவரை சரி. அதற்கு மேல் அவர்கள் ஒரு ஊகத்தைச் சேர்த்தார்கள். நாலு பேர் முன்னால் இருமுவது நாகரிகமல்ல என்று இந்தப் பெண்கள் இருமலை அடக்கிக்கொண்டே இருந்ததால்தான் சளி தேங்கி நோய் வந்திருக்கும் என்றார்கள். ஆஸ்கார் வைல்டின் நாடகப் பாத்திரம் ஒன்றின் பெயரை எடுத்து 'லேடி விண்டர்மியர் நோய்க்குறி' என்று பெயரும் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் நுரையீரல் மருத்துவக் கூட்டங்களில் காதில் விழுகிறது.

அந்த ஊகத்துக்கு என்ன ஆதாரம்? யாருடைய இருமலையும் யாரும் அளந்து பார்க்கவில்லை. இருமலை அடக்குபவர்களையும் அடக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எழுதியதும் அல்ல அது. ஃபிலடெல்ஃபியாவின் 21 பேரில் பெரும்பாலோர் மருத்துவரைத் தேடி வந்ததே ஓயாத இருமலோடும் சீழ் கலந்த சளியோடும்தான். பெண்ணுக்கு ஒரு நோய் வந்து காரணம் புரியாவிட்டால் அவள் நடத்தையில் காரணம் தேடும் பழைய பழக்கம் இங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நல்ல உடம்புக்காரருக்கு இது வராது என்ற கோட்பாட்டைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். உடம்பில் குறை அகப்படாதபோது பழக்கத்தில் குறை கண்டார்கள். வந்தது நோய்; பழி நோயாளிக்கு.

கிருமி எங்கிருந்து வருகிறது என்பதோ ஊகமே தேவைப்படாத அளவுக்குத் தெரிந்த விஷயம். இந்தக் கிருமிகளின் வெளிச்சுவர் மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. அதனால் தண்ணீரில் கரைந்து நிற்காமல் குழாயின் உட்புறத்தில் படலமாகப் படிகின்றன. நீர்த்துளி தெறிக்கும்போது அதோடு காற்றில் எழும்புகின்றன. சாதாரண குடல் கிருமியைக் கொல்லும் குளோரினைப்போல நூற்றுக்கணக்கான மடங்கைத் தாங்கும். குளோரின் மற்ற கிருமிகளை அழித்து இவற்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுக்கிறது என்றே சொல்லலாம். 2009இல் நார்மன் பேஸ் குழுவினர் அமெரிக்க நகரங்களின் குளியலறை ஷவர்களைச் சுரண்டிப் பார்த்தபோது, வரும் தண்ணீரில் இருந்ததைவிட நூறு மடங்குக்கு மேல் ஏவியம் உள்ளிட்ட மைக்கோபாக்டீரியாக்கள் பல ஷவர் தலைகளில் சேர்ந்திருந்தன. வெர்ஜீனியாவின் ஜோசஃப் ஃபால்கின்ஹாம், நோயாளியின் நுரையீரலில் இருந்த கிருமியும் அவர் வீட்டுத் தண்ணீரில் இருந்த கிருமியும் மரபணு அளவில் ஒன்றே என்று காட்டினார்.

எங்கும் இருக்கிறது, எல்லோரும் சுவாசிக்கிறோம், ஆகவே ஆபத்தில்லை என்று இதையே திருப்பிப் போட்டு வாதிடுபவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் உலகின் மிகப் பெரிய பிசிஜி தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. லட்சக்கணக்கானோர் பங்கேற்றார்கள். ஏழரை ஆண்டுத் தொடர் கவனிப்பின் முடிவு வெளியானபோது உலகமே திகைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகத் தடுப்பூசி எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. பதினைந்து ஆண்டு முடிவும் அதையே உறுதி செய்தது. பிரிட்டனில் நன்றாக வேலை செய்த ஊசி இங்கே ஏன் தோற்றது? முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் முதன்மையானது, அந்த மண்ணிலும் நீரிலும் நிறைந்திருந்த காசநோய் சாராத மைக்கோபாக்டீரியாக்கள். அந்தப் பகுதி மக்களில் பெரும்பாலோர் பதின்வயதைத் தாண்டுவதற்குள்ளேயே இக்கிருமிகளைச் சந்தித்துவிட்டதைத் தோல் பரிசோதனை காட்டியது. பிறகு சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் அதே பகுதியின் மண்ணிலும் தண்ணீரிலும் தூசியிலும் மனிதர்களின் சளியிலும் இவற்றைப் பிரித்தெடுத்தார்கள்.

இங்கே நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மாவட்டம் முழுவதும் நல்ல உடல்நிலையில் இருந்த மக்களின் எதிர்ப்பாற்றலை, ஒரு தடுப்பூசியையே செயலற்றதாக்கும் அளவுக்கு மாற்றிவிடும் வல்லமை இந்தக் கிருமிகளுக்கு உண்டு என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்திவருகிறோம். அதே கிருமிகள் அதே மக்களில் ஒருவரின் நுரையீரலில் நோய் உண்டாக்கியிருக்கலாம் என்றால் மட்டும் அழுக்கு என்று கைகழுவுகிறோம். பிசிஜி தோல்விக்கு விளக்கம் வேண்டியபோது அவை பலசாலிகள். இருமும் நோயாளி முன்னால் வந்து நிற்கும்போது அவை வெறும் தூசி. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்தக் கோட்பாடு இன்னொரு கொடுமையும் செய்கிறது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சிவப்புச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனை நூறாண்டுக்கு மேல் பழையது. அதில் காசநோய்க் கிருமியும் சிவப்புக் குச்சி, மேக்கும் சிவப்புக் குச்சி, அப்செசஸும் சிவப்புக் குச்சி. பிரித்தறிய வழியே இல்லை. மற்றபடி நன்றாக இருப்பவருக்கு என்டிஎம் வராது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், தகட்டில் தெரியும் குச்சி காசநோயாகத்தானே இருக்க முடியும்? உடனே டிபி மாத்திரை. அதில் உள்ள ஐசோனியசிட், பைரசினமைட் இரண்டுக்கும் மேக் அசைவதில்லை. ரிஃபாம்பிசினும் எத்தாம்பூட்டாலும் அதை ஓரளவு அடக்கும், ஒழிக்காது. நோயாளி கொஞ்சம் தேறுவார். கோர்ஸ் முடிந்ததும் இருமல் திரும்பும். மறுபடி சளி, மறுபடி சிவப்புக் குச்சி. இப்போது அவர் மருந்து எதிர்ப்புக் காசநோய் சந்தேகத்துக்குரியவர். அப்செசஸ் என்றால் இந்த நான்கு மருந்திலும் பலன் கிடையாது.

அதற்குள் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வந்திருக்கும். பேரப்பிள்ளையைத் தூக்க விடமாட்டார்கள். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீடானால் விஷயத்தை மூடி மறைப்பார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடையே அப்செசஸ் பரவிய நிகழ்வுகளைத் தவிர, என்டிஎம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதாகத் தெரியவில்லை. ஆக, அந்தத் தனித் தட்டுக்குத் தேவையே இருந்ததில்லை. காசநோயாளிக்கே இழைக்கக் கூடாத அந்த அவமானத்தைக் காசநோயே இல்லாதவர் சுமக்கிறார்.

சிபிநாட் என்ற மரபணுச் சோதனை வந்த பிறகு இந்தக் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும். அது காசநோய்க் கிருமியை மட்டுமே அடையாளம் காணும். தகட்டில் குச்சிகள் தெளிவாகத் தெரிந்து, சிபிநாட்டில் இல்லை என்று வந்தால், முதலில் மனதில் வரவேண்டியது என்டிஎம். ஆனால் கோட்பாடு குறுக்கே நிற்கிறது. சிலர் சிபிநாட் தவறியிருக்கும் என்று டிபி மருந்தையே தொடர்கிறார்கள். சிலர் டிபி இல்லை, சந்தோஷமாகப் போங்கள் என்கிறார்கள். மூன்றாவது வழி ஒன்று இருப்பது இருவருக்கும் தோன்றுவதில்லை.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். சளியில் ஒருமுறை என்டிஎம் வளர்ந்தால் அது பெரும்பாலும் நோயாக இருப்பதில்லை. குடித்த தண்ணீரிலிருந்தோ, வாய் கொப்பளித்த நீரிலிருந்தோ, ஆய்வகக் குழாயிலிருந்தோ வந்திருக்கலாம். நோய் என்றே ஆனாலும் சிகிச்சை இலேசானதல்ல. மேக் என்றால் அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எத்தாம்பூட்டால் மூன்றையும் சளியில் கிருமி மறைந்த பிறகும் பன்னிரண்டு மாதங்கள் தொடர வேண்டும். எத்தாம்பூட்டால் பார்வையைக் கெடுக்கலாம். அப்செசசுக்குத் தரும் அமிகாசின் ஊசி செவியைக் கெடுக்கலாம். இத்தனை பட்டும் மேக் சிகிச்சையில் வெற்றி 60 சதவீதம் அளவில்தான். அதனால் எல்லாவற்றையும் நோய் என்று சொல்லி அப்பாவிகளுக்கு விஷம் கொடுக்காதீர்கள் என்கிறார்கள்.

இந்த எச்சரிக்கையில் ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் அது நியாயப்படுத்துவது பொறுமையை, புறக்கணிப்பை அல்ல. அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் நான்கு சேர்ந்து 2020இல் வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் சொல்கிறது. தொந்தரவு இருக்க வேண்டும். சிடி ஸ்கேனில் கணுக்களோ குழியோ விரிந்த மூச்சுக்குழல்களோ தெரிய வேண்டும். வெவ்வேறு நேரத்தில் எடுத்த குறைந்தது இரண்டு சளி மாதிரிகளில், அல்லது மூச்சுக்குழலுக்குள் கருவி விட்டுக் கழுவி எடுத்த ஒரு மாதிரியில், ஒரே இனம் வளர வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் நோய். நோய் என்று உறுதியானாலும் குழி இல்லாமல் இலேசாக இருப்பவரை உடனே மருந்தில் தள்ளாமல் கவனித்து வரலாம். தகட்டுச் சோதனையிலேயே கிருமி தெரிந்தாலோ குழி விழுந்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது. இந்த அளவுகோலில் நோயாளியிடம் வேறு குறை இருக்கிறதா என்ற கேள்விக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கலப்படத்தையும் நோயையும் பிரிப்பது மறுபடி எடுக்கும் சளி. நோயாளியின் சர்க்கரை அளவும் எச்ஐவி முடிவும் அல்ல.

புறக்கணிப்பு பாதுகாப்பானது என்பதும் பொய். பெயரில்லாத இருமலோடு அனுப்பப்படுபவர் சும்மா இருப்பதில்லை. டாக்டர் டாக்டராகப் போகிறார். மூச்சுக்குழல் விரிவு என்று கண்டுபிடித்து அசித்ரோமைசினை மட்டும் மாதக்கணக்கில் எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் ஒருநாள் போய்ச் சேர்கிறார். உள்ளே மேக் இருக்கும்போது அந்த ஒரு மருந்தைத் தனியாக நெடுநாள் கொடுத்தால் கிருமி அதை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. மேக் சிகிச்சையின் முதுகெலும்பே அந்த மருந்துதான். அது பறிபோனால் பிறகு குணமாகும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நெடுங்கால அசித்ரோமைசின் தொடங்குமுன் சளியில் என்டிஎம் இல்லை என்று உறுதி செய்யச் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் இது அவ்வளவாக இல்லையே என்பது கடைசிப் பதில். எப்படித் தெரியும்? டிபி நோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். என்டிஎம்முக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஜப்பானில் தேடினார்கள். 2007இல் லட்சம் பேருக்கு 5.7 என்றிருந்த புதிய நோயாளிகள் 2014இல் 14.7 ஆகியிருந்தார்கள், காசநோயையே முந்தக்கூடும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அங்கே இருக்கும் குழாயும் ஷவரும் தொட்டியும் இங்கேயும் இருக்கின்றன. செங்கல்பட்டில் நம் விஞ்ஞானிகளே அவற்றை மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

காசநோய்த் திட்டத்தின் பணத்தையும் ஆட்களையும் இதற்குத் திருப்ப முடியாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். திருப்பச் சொல்லவில்லை. சளி ஏற்கெனவே ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. வளர்ப்புச் சோதனையும் நடந்துவிட்டது. வளர்ந்தது டிபி கிருமியா இல்லையா என்று கால் மணி நேரத்தில் சொல்லும் அட்டைச் சோதனையும் முடிந்துவிட்டது. இல்லை என்று தெரிந்த அந்த இடத்தில் கோப்பை மூடாமல், இன்னொரு சளி கொண்டுவரச் சொல்லுங்கள். அதிலும் வளர்ந்தால் எந்த இனம் என்று பாருங்கள். இனம் பிரிக்கும் மரபணுப் பட்டைச் சோதனை பெரிய ஆய்வகங்களுக்குப் புதிதல்ல. அறிக்கையில் டிபி இல்லை என்று எழுதும் வரிக்குக் கீழே, இருப்பது இன்னது என்று இன்னொரு வரி எழுதப்பட வேண்டும். நோயாளிக்கு வேறு எந்த நோயும் இல்லாவிட்டாலும்.